சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறாமல் இறங்குவது ஏன்?

கேள்வி: ஜெலுத்தோங் மகள், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இனிப்பு நீர் நோய் இருக்கிறது. மாத்திரைகளோடு, காலையிலும் இரவிலும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு கலப்பு இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். இதுவரை ஒழுங்காகவே இருந்த கணக்கு, அண்மைக் காலமாகப் புரியாத விதத்தில் மாறிவிட்டது.

இரவு உணவுக்கு முன்பு சோதித்தால் லிட்டருக்கு 6.9 மில்லிமோல் காட்டுகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 3.6 ஆக இறங்கியிருக்கிறது. நள்ளிரவைத் தாண்டி எழுந்து பார்த்தால் 14க்கு மேல் நிற்கிறது. அப்பா எங்களுக்குத் தெரியாமல் இரவில் எதையோ எடுத்துச் சாப்பிடுகிறார் என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். காலை அளவு கூடுதலாக இருப்பதால் இன்சுலினைக் கூட்ட வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். அப்பாவோ, தாம் எதையும் தொடவில்லை என்று வருத்தத்தோடு சொல்கிறார். நான் அவரை நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு நான்கு இட்டிலி சாப்பிடுபவர் இப்போது ஒன்றரை இட்டிலியில் கை கழுவிவிடுகிறார். வயிறு நிறைந்து கனக்கிறது என்கிறார். மாலையில் ஏப்பம் விட்டால் காலையில் பசியாறிய சாம்பாரின் வாசனை வருகிறதாம். உணவு உள்ளே போன பிறகு சர்க்கரை எப்படி இறங்கும்? இது வயிற்றுக் கோளாறா, நரம்புக் கோளாறா, அல்லது இனிப்பு நீரே முற்றிவிட்டதா? யாரிடம் போய் என்னவென்று சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: உடலியங்கியல் ஆசிரியர், கோலாலம்பூர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் அப்பாவை நம்பியது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கொடுத்துள்ள மூன்று எண்களையும் அந்தச் சாம்பார் வாசனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், அவர் இரவில் எதையும் எடுத்துச் சாப்பிடாமலேயே இவை நிகழக்கூடும் என்பது விளங்கும். நான் மருத்துவர் அல்லன். மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிப்பவன். எனவே நோயை உறுதிசெய்வது என் வேலை அன்று. உடல் இதை எப்படிச் செய்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

நாம் விழுங்கிய உணவு வயிற்றில் இருக்கும்வரை, அதிலுள்ள மாவுச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்வதில்லை. இரைப்பையின் சுவர் குளுக்கோஸை உறிஞ்சுவதற்காக அமைந்தது அன்று. உறிஞ்சுதல் சிறுகுடலில்தான் நடக்கிறது. ஆகவே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு, நாம் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதை மட்டுமன்றி, இரைப்பை அதை எந்த வேகத்தில் கீழே அனுப்புகிறது என்பதையும் பொறுத்தது. நலமாக உள்ளவரின் இரைப்பை நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 முதல் 4 கலோரி என்ற நிதானத்தில்தான் உணவைச் சிறுகுடலுக்குள் விடுகிறது. தண்ணீர் விரைவில் போய்விடும். திட உணவு முழுவதும் வெளியேற நான்கு மணி நேரம் வரை ஆகலாம்.

இந்த நிதானத்தை நடத்துவது யார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் என்னும் பத்தாவது மூளை நரம்பு, உணவு வரும்போது இரைப்பையின் மேற்பகுதியைத் தளர்த்தி இடம் கொடுக்கச் செய்கிறது. கீழ்ப்பகுதியில், ஸ்பெயின் அறிஞர் கஹாலின் பெயரைத் தாங்கிய இடைநிலை உயிரணுக்கள் நிமிடத்திற்கு மூன்று முறை மின் அலையை எழுப்ப, அந்தத் தாளத்திற்கு ஏற்பத் தசை சுருங்கி, ஆட்டுக்கல் மாவை அரைப்பதுபோல் உணவை அரைக்கிறது. துகள்கள் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்த பிறகுதான் இரைப்பையின் கீழ்வாயிலில் உள்ள தசை அவற்றை வெளியே விடும். பெரியவை திரும்ப உள்ளே தள்ளப்படும்.

நீண்ட காலம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைவதை நாம் அனைவரும் அறிவோம். அதே சேதம் உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகளிலும் நடக்கிறது. வேகஸ் நலிகிறது, கஹால் உயிரணுக்கள் குறைகின்றன, மேற்பகுதி தளர மறுக்கிறது, கீழ்ப்பகுதி அரைக்க மறுக்கிறது. மேற்பகுதி தளராததால் சில வாய் உண்டதுமே வயிறு நிரம்பிய உணர்வு வருகிறது. கீழ்ப்பகுதி அரைக்காததால் காலை உணவு மாலைவரை தங்குகிறது. மருத்துவர்கள் இதைக் காஸ்ட்ரோபரேசிஸ் என்பார்கள். இரைப்பைச் செயல்தளர்வு என்று நாம் சொல்லலாம்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். கணையம் தானாகச் சுரக்கும் இன்சுலினுக்கு ஒரு சிறப்பு உண்டு. உணவு சிறுகுடலைத் தொட்டதும் அங்குள்ள உயிரணுக்கள் ஜிஐபி, ஜிஎல்பி-1 என்ற இரண்டு ஹார்மோன்களை விடுகின்றன. அவை கணையத்தை முன்கூட்டியே தூண்டுகின்றன. அதனால்தான் ஒரே அளவு குளுக்கோஸை ஊசிவழி இரத்தக் குழாயில் ஏற்றுவதைவிட வாய்வழி குடித்தால் அதிக இன்சுலின் சுரக்கிறது. அதாவது, குடல் செய்தி அனுப்பிய பிறகே கணையம் முழு வேகத்தில் வேலை செய்கிறது. ஊசியில் போட்ட இன்சுலினுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழியில்லை. அது கடிகாரப்படி வேலை செய்யும். கலப்பு இன்சுலினின் விரைவுப் பகுதி போட்ட அரை மணி நேரத்தில் செயல்படத் தொடங்கி, அடுத்த சில மணி நேரங்களில் உச்சத்தை எட்டுகிறது. அந்த நேரத்தில் அப்பாவின் இட்டிலி இன்னும் இரைப்பையிலேயே கிடந்தால், இன்சுலினுக்கு எதிரே இருப்பது ஏற்கெனவே இரத்தத்தில் இருந்த சர்க்கரை மட்டுமே, அது 3.6க்கு இறங்குகிறது. இன்சுலினின் வேகம் தணிந்த பிறகு, இரைப்பை மெதுவாக உணவை விடத் தொடங்குகிறது; நள்ளிரவில் 14 ஆகிறது. தாழ்ந்த சர்க்கரையைச் சரிசெய்ய ஈரல் வெளியிடும் குளுக்கோஸும் இதில் சேர்ந்துகொள்ளலாம்.

எனவே காலை அளவை மட்டும் பார்த்து இன்சுலினைக் கூட்டுவது மிகவும் ஆபத்தானது. மருத்துவர் சொல்லாமல் யாரும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் அவரிடம் விரைந்து போங்கள்.

வயிறா, நரம்பா, ஹார்மோனா என்று கேட்டீர்கள். இந்த மூன்றையும் தனித்தனியே பிரிக்கும் பழக்கம் பழையது. ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் செரிமானச் சுரப்புகளை நரம்புகளே ஆள்கின்றன என்று விரிவாகக் காட்டி, அந்த ஆய்வுகளுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1902இல், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடல் வளையத்திற்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாத நிலையிலும் கணையம் சாற்றைச் சுரந்தது. குடலின் உட்சவ்வைச் சுரண்டி அமிலத்தோடு அரைத்து இரத்தத்தில் செலுத்தியபோதும் அதுவே நடந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரெடின் என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் என்ற பொதுப்பெயரை ஸ்டார்லிங் 1905இல் வழங்கினார். இன்றைக்கு நாம் அறிவது, இரு தரப்பும் கண்டது உண்மை என்பதே. நரம்பும் ஹார்மோனும் ஒரே வேலையை இரு வழியில் செய்கின்றன; உங்கள் அப்பாவின் உடலில் நரம்பு வழி நலிந்ததால், ஹார்மோன் வழியின் நேரக் கணக்கும் சேர்ந்து குலைந்திருக்கலாம்.

பதில் 2: ஓய்வுபெற்ற தாதி, பட்டர்வொர்த்

வணக்கம், மகளே. ஆசிரியர் ஐயா காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் மருத்துவ வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவள்; படுக்கையருகே எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்பா வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் அதைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு எடுத்த வாந்தியில் காலையில் தின்ற கேரட் துண்டு வெட்டிய வடிவம் மாறாமல் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒன்றைக் கண்டால் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று எழுதிவையுங்கள். அந்த ஒரு வரி மருத்துவருக்கு மிகவும் பயன்படும். சாப்பிட்டு நான்கு மணி நேரத்திற்குப் பிறகும் இடுப்பை மெல்ல அசைத்தால் வயிற்றுக்குள் நீர் தளும்பும் ஒலி கேட்கிறதா என்று மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதுண்டு; அதுவும் ஓர் அடையாளமே.

நாற்காலியிலிருந்து எழும்போது அவருக்குத் தலை சுற்றுகிறதா? படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்திற்குள் ஒரு முறையும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் குறைந்தாலோ, வயிற்றை ஆளும் அதே தன்னியக்க நரம்புகள் இரத்தக் குழாய்களிலும் நலிந்திருக்கலாம். விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியவர்களுக்குப் பெரும் துன்பம். ஆகையால் இதை அற்பமாக எண்ண வேண்டாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது 3.6 என்ற எண்தான். அந்த நேரத்தில் அப்பாவுக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு ஏதேனும் இருந்ததா, அல்லது சாதாரணமாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாரா? சாதாரணமாக இருந்தார் என்றால் அது நல்ல செய்தி அன்று. சர்க்கரை தாழும்போது அட்ரினலின் சுரந்து நடுக்கத்தையும் படபடப்பையும் உண்டாக்குவதால்தான் நோயாளி விழித்துக்கொள்கிறார். நோய் முற்றியவர்களிடமும் அடிக்கடி சர்க்கரை தாழ்ந்தவர்களிடமும் அந்த எச்சரிக்கை மங்கிவிடும். நேராகக் குழப்பமும் மயக்கமும்தான் வரும். இரத்த அழுத்தத்திற்காகப் பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். எனவே உறக்கத்தில் தலையணை நனைந்திருந்தால் உடனே சோதியுங்கள்.

ஜெலுத்தோங் மகள்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. அந்த நேரத்தில் அப்பாவுக்கு நடுக்கம் எதுவும் இல்லை. கழுத்தில் மட்டும் வியர்த்திருந்தது. மின்விசிறி போட்டும் வியர்க்கிறதே என்றுதான் நினைத்தோம். இரத்த அழுத்தத்திற்கு அவர் பிசோப்ரொலோல் உட்கொள்கிறார். அக்கார்போஸ் என்ற மாத்திரையும் இருக்கிறது. சர்க்கரை இறங்கியபோது கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் கொடுத்தோம். ஏறுவதற்கு வெகு நேரம் ஆனது. அதுவும் இரைப்பையின் வேலைதானா? மேலும், மருத்துவமனையில் என்ன சோதனை செய்வார்கள்?

பதில் 3: மருந்தாளுநர், சுங்கை ஆரா

வணக்கம், அக்கா. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு மாத்திரைகளும் இங்கே முக்கியமானவை.

பிசோப்ரொலோல் பீட்டா தடுப்பு வகையைச் சேர்ந்தது. தாதி அம்மா சொன்னதுபோல் அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கக்கூடும். இதயத்திற்காக அது தேவைப்படலாம் என்பதால் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் சர்க்கரை தாழ்கிறது என்ற செய்தியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அக்கார்போஸ், சிறுகுடலின் சுவரில் உள்ள நொதிகளைத் தடுக்கிறது. நாம் தேநீரில் போடும் வெள்ளைச் சீனி சுக்ரோஸ். அது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இணைந்தது. அந்த இணைப்பை உடைக்கும் நொதியைத்தான் இம்மாத்திரை கட்டிப்போடுகிறது. ஆகவே இதை உட்கொள்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சீனித் தண்ணீர், பழச்சாறு, கெட்டிப்பால் தேநீர் எல்லாமே தாமதமாகத்தான் உதவும். உடைக்க வேண்டிய தேவையே இல்லாத குளுக்கோஸ் தூள்தான் வேண்டும். மருந்தகங்களில் எளிதில் கிடைக்கும். 15 கிராம் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, இன்னும் 3.9க்குக் கீழே இருந்தால் திரும்பக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு விடை, ஆம், இரைப்பைக்கும் பங்கு உண்டு என்பதே. பாலிலுள்ள கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, பித்தப்பையைச் சுருக்குவதோடு இரைப்பை வெளியேற்றத்தையும் மெதுவாக்குகிறது. ஏற்கெனவே மெதுவாக இருக்கும் இரைப்பைக்கு இது கூடுதல் தடை. சாக்லேட்டுக்கும் இதே குறை உண்டு. தெளிந்த நீர்மமே விரைவில் இறங்கும். அவர் விழிப்பில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள். தாழ்ந்த சர்க்கரையை ஏற்றும் குளுக்ககோன் ஊசியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

சோதனையைப் பொறுத்தவரை, வழி அடைத்திருக்கிறதா என்பதை அறிய முதலில் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய்வழி குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்கும் சோதனை, செய்வார்கள். அடைப்பு இல்லையென்றால், வசதியுள்ள மருத்துவமனையில் கதிரியக்க உணவுச் சோதனை செய்யலாம். மிகச் சிறிய அளவு டெக்னீசியம் கலந்த முட்டை வெள்ளைக்கருவை ரொட்டியோடு உண்ணக் கொடுத்து, நான்கு மணி நேரம் வரை இடையிடையே படம் எடுப்பார்கள். நான்காவது மணி நேரத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் வயிற்றில் எஞ்சியிருந்தால் வெளியேற்றம் தாமதம் என்று பொருள். அப்பா முட்டை உண்ணாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மெட்டோக்ளோபிரமைடு போன்ற மருந்துகள் இரைப்பையை முடுக்கும். ஆனால் முகத்திலும் நாக்கிலும் கட்டுக்கடங்காத அசைவுகள் நிலைத்துவிடும் ஆபத்து இருப்பதால் 12 வாரத்திற்கு மேல் தொடர்ந்து கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். முதியவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. தெரிந்தவர் கொடுத்தார் என்று வாங்கிப் போட வேண்டாம்.

ஜெலுத்தோங் மகள்

மிக்க நன்றி, தம்பி. மூன்று நேரத்து அளவுகளையும், உணவு நேரத்தையும், வியர்வையையும் எழுதிய ஏட்டோடு நாளைக் காலையிலேயே கிளினிக்கிற்குப் போகிறோம். கடைசியாக மூன்று கேள்விகள். அதுவரை அவருக்கு என்ன உணவு கொடுக்கலாம்? என் தம்பிக்கும் இனிப்பு நீர் உண்டு. உடல் எடை குறைய வாரம் ஒரு முறை போடும் ஜிஎல்பி-1 ஊசியை அவன் பயன்படுத்துகிறான். அதை அப்பாவுக்கும் கேட்கலாம் என்கிறான். கேட்கலாமா? நலிந்த நரம்பு மீண்டும் தேறுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 4: ஓய்வுபெற்ற தாதி, பட்டர்வொர்த்

உணவை மட்டும் நான் சொல்கிறேன். மூன்று பெரிய வேளையை ஐந்து அல்லது ஆறு சிறிய வேளையாகப் பிரியுங்கள். குழைந்த கஞ்சி, மசித்த பரங்கிக்காய், தோல் நீக்கிய மீன், வடிகட்டிய பருப்பு ரசம் ஆகியவை எளிதில் இறங்கும். முருங்கைக்காய் நார், கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், தேங்காய்த் துருவல் ஆகியவற்றை இப்போதைக்கு நிறுத்துங்கள். அரைபடாத நார் வயிற்றிலேயே திரண்டு கட்டியாகிவிடுவதுண்டு. தேங்காய்ப்பால் குழம்பும் நாசி கண்டாரும் கொழுப்பு மிகுந்தவை என்பதால் வேண்டாம். உண்டவுடன் படுக்க விடாதீர்கள். கூடத்திலேயே மெல்ல நடக்கச் சொல்லுங்கள். வேளையைப் பிரிக்கும்போது இன்சுலின் கணக்கும் மாறும். எனவே கிளினிக்கில் இதைச் சொல்லி, இன்றிரவு ஊசியைப் பற்றி அவர்கள் எண்ணுக்கே அழைத்துக் கேளுங்கள்.

பதில் 5: உடலியங்கியல் ஆசிரியர், கோலாலம்பூர்

தம்பியின் ஊசியைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன்: அப்பாவுக்கு அதைக் கேட்க வேண்டாம், முதலில் இரைப்பையின் நிலை தெரியட்டும். நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 இரத்தத்தில் இரண்டு நிமிடம் அளவே நிலைக்கும். டிபிபி-4 என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். அந்த நொதிக்கு எளிதில் பிடிகொடுக்காமல் நாள்கணக்கில் நிற்கும்படி மாற்றி அமைத்ததே அந்த ஊசி. பசியைக் குறைப்பதோடு, இரைப்பை வெளியேற்றத்தை மெதுவாக்குவதும் அது செய்யும் வேலைகளுள் ஒன்று. இளையவனுக்கு அது நன்மை; ஏற்கெனவே செயல் தளர்ந்த இரைப்பைக்கு அது சுமை.

நரம்பு தேறுமா என்ற கேள்விக்கு இரு பகுதியாக விடை சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக நலிந்த வேகஸ் இழைகளும் இழந்த கஹால் உயிரணுக்களும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது. ஆனால் இரைப்பையின் மந்தம் முழுவதும் நரம்புச் சேதத்தால் வருவது அன்று. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும் அந்த வேளையிலேயே இரைப்பை மெதுவாகிறது. சர்க்கரை தாழ்ந்தால் வேகம் கூடுகிறது. நலமாக உள்ளவர்களிடமும் இதைக் காணலாம். ஆகவே நள்ளிரவு 14 என்பது மெதுவான இரைப்பையின் விளைவாக இருப்பதோடு, மறுநாள் காலை உணவு மெதுவாவதற்குக் காரணமாகவும் ஆகிறது. இன்சுலின் வகையும் நேரமும் உணவின் வேகத்தோடு பொருந்தும்படி மருத்துவர் மாற்றியமைத்தால் (சிலருக்கு உணவுக்குப் பிறகு ஊசி போடச் சொல்வதும் உண்டு) இந்தச் சுழற்சி தளரும். அந்த அளவுக்கு இரைப்பையும் தேறும். இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் வயிற்று நிறைவை உண்டாக்கக்கூடும் என்பதால், அப்பாவின் மாத்திரைகள் அனைத்தையும், பட்டியலாக அல்லாமல் அட்டைகளாகவே, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.